கணினிக்கு இரண்டாவது செயலி

அலுவலகங்களிற் கழிக்கப்படும் கணினிகளைக் கல்லூரிக்கு அனுப்பிவைக்கும் நல்வழக்கம் நம் பழைய மாணவரிடையே சில ஆண்டுகளாக நிலவி வருகின்றது. அங்ஙனம் வந்த பெட்டி ஒன்றைத் திறந்து தூசு தட்டுகையில், தாய்ப்பலகையின்மீது ஒரே வடிவான சாக்கெட்டுகள் இரண்டு இருப்பதையும், ஒன்றில் மட்டும் செயலி அமர்ந்திருக்க மற்றது கறுப்பு மூடியோடு வெறுமனே கிடப்பதையும் மாணவர் கண்டனர். "சேர், இதிலும் ஒன்றைப் போட்டால் வேகம் இரண்டு மடங்காகுமா?" என்று உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். வினா சிறிது, விடை சிறிதன்று. மேலும், விழாவையொட்டிச் சேர்ந்த நன்கொடையில் ஒரு பகுதி கணினி அறைக்கென ஒதுக்கப்பட்டிருந்தமையால், அது பணத்தைப் பொறுத்த வினாவாகவும் ஆயிற்று. பசறைப் பக்கத்திலிருந்தும் லுணுகலைப் பக்கத்திலிருந்தும் காலை பஸ்ஸில் வந்திறங்கும் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இவ்வறையிற் கிடைக்கும் நேரமன்றி வேறு கணினி நேரம் கிடையாது. ஆதலின் அப்பணத்தை எதிற் செலவிடுவது என்பதை நாம் விளையாட்டாகக் கொள்ளவில்லை.

செயலி என்பது கணக்கிடும் உறுப்பு. பாடநூல் இதனை மத்திய செயற்பாட்டு அலகு என்னும். கடைத்தெரு பிராசஸர் என்னும். கட்டளையை நினைவகத்திலிருந்து எடுப்பதும், அதன் பொருளை அறிவதும், அதன்படி செய்வதும், முடிவை மீண்டும் நினைவகத்தில் வைப்பதுமே அதன் தொழில்.

அதற்குத் துணையாக மற்றொன்றைப் பொருத்தும் எண்ணம் மேசைக் கணினியின் பிறப்போடேயே பிறந்தது. 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட பீ.சி. என்னும் கணினியில் 8088 என்ற இன்டெல் செயலிக்கு அருகே 40 கால்களைக் கொள்ளத்தக்க வெற்றுச் சாக்கெட் ஒன்று இருந்தது. அது 1980இல் அறிவிக்கப்பட்ட 8087 என்னும் கணிதத் துணைச் செயலிக்குரிய இடம். 8088 முழு எண்களைக் கூட்டிப் பெருக்குவதில் வல்லது. தசமப் புள்ளியுள்ள எண்களையும், வர்க்கமூலம், திரிகோண கணிதம் முதலியவற்றையும் பல சிறு படிகளாகப் பிரித்து மெல்ல மெல்லவே செய்யும். 8087 அவற்றைத் தானே நேராகச் செய்யும். இரு சில்லுகளும் ஒரே கட்டளை வரிசையைப் பார்த்துக்கொண்டிருக்கும். தனக்குரிய குறியீட்டோடு வரும் கட்டளையைத் துணைச் செயலி எடுத்துக்கொள்ளும். பொருத்துபவர் சில்லை அமிழ்த்தியதோடு, பலகையிலுள்ள சிறு சொடுக்கி ஒன்றையும் மாற்றித் துணைவர் வந்திருப்பதைக் கணினிக்கு அறிவித்தல் வேண்டும். இத்துணைச் செயலியால் பொறியியற் கணக்குப் போடுவோர் பெரும் பயன் பெற்றனர்; கடிதம் தட்டச்சுச் செய்வோர் ஒரு பயனும் பெற்றிலர். இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துமாறு வாசகரை வேண்டுகிறோம்.

1989இல் வந்த 80486 கணித உறுப்பைத் தன்னுள்ளேயே அடக்கிக்கொண்டது. இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமற் செல்ல மனம் வரவில்லை. பின்னர் இன்டெல் நிறுவனம் 486 எஸ்.எக்ஸ். என்னும் மலிவுப் பதிப்பைக் கணித உறுப்பு இயங்காதவாறு விற்று, அதற்குத் துணையென்று 487 எஸ்.எக்ஸ். என்பதையும் விற்றது. உண்மையில் அத்துணைவர் கணித உறுப்போடு கூடிய முழுமையான 486 செயலியேயாம். அவர் வந்து அமர்ந்ததும் பழையவரை உறங்கவைத்துவிட்டு எல்லா வேலையையும் தாமே செய்வார். இரண்டு சில்லுகளுக்குக் காசு கொடுத்தவர் ஒன்றின் உழைப்பையே பெற்றார்.

நிற்க. ஒத்த தகுதியுள்ள இரு செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்து, சமமாக உழைக்கும் முறை இதனின் வேறு. இதற்கான பொது விதிமுறையை இன்டெல் 1994இல் வெளியிட்டது. 1997இல் வந்த பென்டியம் 2 ஒரு பேழை வடிவில் நீண்ட பிளவுக்குள் செருகப்படுவது. இரு பிளவுள்ள பலகையில் ஒரே செயலியை வைப்பவர் மற்றப் பிளவில் முடிப்பு அட்டை ஒன்றைச் செருகுதல் வேண்டும். இன்றேல் கம்பிவழிச் சென்ற சைகை வெற்று முனையில் மோதி எதிரொலிபோல் மீண்டு குழப்பம் விளைவிக்கும். 1999இல் தைவான் நாட்டு ஏபிட் நிறுவனம் பி.பி.6 என்ற பலகையை வெளியிட்டு, இணைசேர்க்க எண்ணப்படாத மலிவான செலரான் செயலிகள் இரண்டை அருகருகே உட்காரவைத்தது. கைப்பணம் குறைந்த ஆர்வலர் அதனை எவ்வளவு விரும்பினர் என்பதை அக்காலத்தில் கொழும்பிற் படித்த நம்மவர் சிலர் இன்றும் சொல்வர்.

வேகம் இரண்டு மடங்காகுமா என்ற வினாவுக்கு இனி வருவோம். இதற்கு ஐ.பி.எம். பொறியியலாளர் ஜீன் அம்தால் 1967இலேயே விடை கூறிவிட்டார். அதனை விளங்கிக்கொள்ள நம் ஊவா மாணவர் நூலகத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒருமுறை நடந்து வந்தாற் போதும். கொழுந்தை மாடியில் பரப்பி வாட்டுகிறார்கள். பின் உருளையிலிட்டுச் சுருட்டுகிறார்கள். நிறம் மாறுவதற்கு விரித்து வைக்கிறார்கள். இறுதியில் அடுப்பில் உலர்த்துகிறார்கள். சுருட்டும் உருளை ஒன்றுக்கு இரண்டாக்கினால் சுருட்டும் நேரம் பாதியாகும். ஆனால் வாட்டும் நேரம் ஒரு நிமிடமும் குறையாது. உலர்த்தும் அடுப்பு ஒன்றேயாயின், இரண்டாவது உருளையிலிருந்து விழும் கொழுந்து அதன் வாயிலிற் குவிந்து, வேண்டிய அளவுக்கு மேல் புளித்துத் தரமும் கெடும்.

இதனையே கணக்கிற் காண்போம். ஒரு வேலைக்குப் 10 நிமிடம் செல்கிறது என்க. அதில் 4 நிமிட வேலை ஒன்றன்பின் ஒன்றாகவே செய்யத்தக்கது. 6 நிமிட வேலை பங்கிடத்தக்கது. இரண்டு செயலிகள் இருப்பின் 6 நிமிடம் 3 ஆகும். மொத்தம் 7 நிமிடம். நான்கு இருப்பின் ஒன்றரை ஆகும். மொத்தம் ஐந்தரை நிமிடம். ஆயிரம் செயலிகளை அடுக்கினாலும் அந்த 4 நிமிடத்திற்குக் கீழே இறங்க வழியில்லை. பங்கிடத்தக்க பகுதி பெரிதாயுள்ள வேலைகளோவெனில் பேருதவி பெறும். வானிலைக் கணிப்பு அத்தகையது. 1980களில் அமெரிக்க மீக்கணினிகளைப் பெறுவதில் தடைகளைக் கண்ட இந்தியா, 1988இல் பூனாவில் சி-டாக் நிலையத்தை அமைத்து, 1991இல் பரம் 8000 என்னும் கணினியை வெளியிட்டது. தனித்தனியே எளியனவான டிரான்ஸ்பியூட்டர் என்னும் செயலிகள் பலவற்றை ஒன்றோடொன்று பிணைத்தே அது செய்யப்பட்டது.

நினைவகத்திற்குச் செல்லும் பாதையையும் எண்ண வேண்டும். 1924இல் பதுளையை எட்டிய நமது புகையிரதப் பாதை ஒற்றைத் தண்டவாளம் உடையது. எதிர்வண்டி கடந்து செல்லும்வரை நிலையத்திற் காத்துக் கிடந்த அனுபவம் நம்மில் யாருக்குத்தான் இல்லை? இயந்திரங்களை இரட்டிப்பதால் அக்காத்திருப்பு நீங்காது. பென்டியம் 2 காலத்து இரட்டைச் செயலிகள் ஒரே பாதையிலேயே நினைவகத்தை அடைந்தன. ஒன்று செல்ல ஒன்று நின்றது. நம்மிடம் வந்த கணினியில் உள்ளவை போன்ற சியோன் ஈ5 செயலிகளுள் ஒவ்வொன்றுக்கும் தனித்த நினைவகத் தடங்கள் நான்கு உண்டு. ஆதலின் இரண்டாவது செயலியை வாங்குபவர் அதன் பக்கத்துக் குழிகளுக்கும் நினைவகப் பட்டைகளை வாங்குதல் வேண்டும். இச்செலவு பலருக்குப் பின்னரே தெரியவருகின்றது.

பொருத்தும் முறையைச் சொல்லுமுன் ஓர் எச்சரிக்கை. வீடுகளிலும் அலுவலகங்களிலும் உள்ள மேசைக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே சாக்கெட் உடையன. அவற்றில் இரண்டாவதைச் சேர்க்க இயலாது. சேர்க்கலாம் என்று கூறுபவரை நம்பற்க. 2005 முதல் ஒரே சில்லினுள் இரண்டு கருக்களை வைக்கும் வழக்கம் மேசைக் கணினிக்கும் வந்துவிட்டமையால், தனிச் சில்லாக இரண்டாவதைப் பொருத்தும் தேவை பெரிய பணிநிலையக் கணினிகளோடு நின்றுவிட்டது.

சாக்கெட் இரண்டு இருப்பினும் எல்லாச் செயலியும் இணைக்கு இசையா. ஈ5 வரிசையில் 1 என்று தொடங்கும் எண்ணுடையது தனித்தே வாழும். 2 என்று தொடங்குவது இணையோடு வாழும். நமது கணினியில் இருந்தது ஈ5-2670, 2012ஆம் ஆண்டினது, எட்டுக் கருக்களையுடையது. அதே எண்ணும் அதே பதிப்பும் உடையதையே தேடி வாங்கினோம். பெரிய தரவு நிலையங்கள் இவற்றை மொத்தமாகக் கழித்துவிட்டமையால் பழைய பொருட் சந்தையில் இவை மலிவாகவே கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் 115 வாற்று வரை மின்சாரம் உண்பது. இணைக்கு 230 வாற்று. மின்வழங்கி அதனைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்க.

மின்னிணைப்பை அகற்றியபின் கணினியின் வெற்று உலோகச் சட்டத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்குதல் வேண்டும். மழை மாதங்களில் இதனை மறந்தாலும் பெரும்பாலும் தப்பிவிடலாம். ஆடி, ஆவணியில் நம் மலைகளில் வீசும் வறண்ட காற்று தேயிலைக்கு மணம் தருவது போலச் சில்லுக்கு நலம் தருவதன்று. இவ்வகைச் சாக்கெட்டில் 2011 நுண்ணிய ஊசிகள் நிற்கின்றன. செயலியிலோ தட்டையான தொடுபுள்ளிகளே உள்ளன. இரு நெம்புகளையும் விடுவித்து, சில்லின் விளிம்பிலுள்ள வெட்டுகளைச் சாக்கெட்டின் வெட்டுகளோடு பொருத்திப் பார்த்து, நேர்கீழாக இறக்கிவைத்தல் வேண்டும். அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. ஓர் ஊசி வளைந்தாலும் பலகை பழுதாகலாம். இதனை நாம் ஏட்டிற் படித்துச் சொல்லவில்லை. வேறொரு பலகையில் நம் விரல் சற்றே வழுக்கியதால் நினைவக வரிசை ஒன்று இன்றுவரை விழிக்கவில்லை. பின் சிறு பட்டாணி அளவு வெப்பப் பசையை இட்டு, வெப்பமகற்றியை அமர்த்தி, திருகாணிகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக முறுக்குக. ஒரு பக்கத்தை முழுதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் செல்வது தவறு. விசிறியின் கம்பியை இணைக்க மறத்தல் அதனினும் பெருந்தவறு.

இவ்வளவும் செய்து கணினியை எழுப்பியபோது தொடக்கத் திரையில் இரு செயலிகளும் தோன்றின, மாணவர் கைதட்டினர். விண்டோஸ் திறந்ததும் அங்கே ஒன்றே காணப்பட்டது. அரைநாள் திருகாணிகளைக் கழற்றி மாட்டிய பின்னரே, நிறுவியிருந்தது வீட்டுப் பதிப்பு என்பதும், வீட்டுப் பதிப்பு எத்தனை கருக்கள் இருப்பினும் ஒரு சாக்கெட்டையே கணக்கிற் கொள்ளும் என்பதும் நினைவுக்கு வந்தன. தொழில்முறைப் பதிப்பு இரண்டை ஏற்கும். விண்டோஸ் 98 காலத்திலும் இதுவே கதை: 98 ஒன்றையே அறியும், என்.டி.யும் 2000உம் இரண்டை அறியும். லினக்ஸ் 1996 முதலே பல செயலிகளை அறிவது, விலையுமில்லை. அதனை நிறுவியதும் இரு செயலிகளின் 16 கருக்களும், ஒவ்வொரு கருவும் இரு பணியிழைகளாகத் தோன்றும் ஏற்பாட்டினால் 32ஆகக் காட்சியளித்தன.

பின்னர்ச் சோதித்தோம். கலைவிழா ஒளிப்படத்தை வேறு வடிவுக்கு மாற்றும் வேலையில் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கட்டுரை தட்டச்சுச் செய்வதிலும், இணையப் பக்கம் திறப்பதிலும், மாணவர் எழுதிய பைதான் நிரல்கள் ஓடுவதிலும் ஒரு விநாடியும் குறையவில்லை. அந்நிரல்கள் யாவும் ஒரே கருவில் ஓடுவன. ஏனைய 15 கருக்களும் வேலையற்ற நாளின் உருளைகளைப் போல் வாளாவிருந்தன. அறையின் மற்றக் கணினிகளிலோ பழைய சுழல்தட்டை அகற்றித் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்திய அன்றே, திறந்து ஆயத்தமாகும் நேரம் பிள்ளைகள் வியக்குமாறு சுருங்கிற்று. பஸ் பிடிக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த நிமிடங்கள் பெரியன.

ஆகவே இரட்டைச் செயலி ஒரே கணினியில் மட்டும் உள்ளது. ஒளிப்படம் தொகுப்போரும், ஒரே கணினியைப் பலர் வலையமைப்பினூடே பகிர்ந்து பயிலும் வகுப்பும் அதனைப் பயன்படுத்துகின்றனர். பலர் ஒருங்கே பயன்படுத்தும்போதுதான் 16 கருக்களுக்கும் வேலை கிடைக்கின்றது. எஞ்சிய பணம் சேமிப்பகங்களுக்கும் நினைவகப் பட்டைகளுக்கும் சென்றது. மற்ற இரு பணிநிலையங்களின் வெற்றுச் சாக்கெட்டுகள் மூடியோடு அப்படியே உள்ளன. அம்மூடிகளை யாரும் கழற்றி எறிந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுமாறு அறைப்பொறுப்பு மாணவரிடம் சொல்லியிருக்கிறோம்.