கம்பெனி வீட்டில் ஒரு பலாக்கன்று

போன ஆனி மாதம் என் மகனுக்கு நெய்வேலி நகரியத்தில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு ஆனது. கல்யாணமாகி ஐந்து மாதம். அதுவரை மந்தாரக்குப்பத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். சாவி வாங்கிய அன்றே மருமகள் போன் செய்தாள். "மாமா, வீடு சின்னதுதான். ஆனா பின்னாடி இடம் நிறைய கிடக்கு. நீங்களும் அத்தையும் ஒரு தடவை வந்து பாருங்க" என்றாள். நாங்கள் அப்போது விருத்தாசலம் பக்கத்தில் எங்கள் கொல்லையில் மல்லாட்டைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தோம். களைவெட்டை அப்படியே நிறுத்திவிட்டுப் புறப்பட்டோம்.

பழைய குவார்ட்டர்ஸ். இரண்டு அறை, சமையற்கட்டு, முன்னால் ஒரு சின்ன வராண்டா. சுவரில் பழைய டிஸ்டெம்பர் செதில் செதிலாக உரிந்து கிடந்தது. பின்பக்கம் ஒரு துவைக்கிற கல், உடைந்த செங்கல் குவியல், இடுப்பளவு புதர், நடுவில் நன்றாகக் காய்த்து ஓய்ந்த ஒரு மாமரம்.

மகன் ஒரு காகிதத்தை நீட்டினான். வீட்டைச் சரி பண்ண மேஸ்திரி போட்டுக் கொடுத்த எஸ்டிமேட். உள்ளே பிளாஸ்டிக் பெயிண்ட், தரைக்கு மேல் விரிப்பு, பின்பக்கம் புதரை வெட்டி முழுக்க சிமென்ட் தளம். வங்கியில் 32 வருடம் எஸ்டிமேட் பார்த்தே பழகிய கண். முதலில் கூட்டல் சரியா என்றுதான் பார்த்தேன். பிறகுதான் கேட்டேன்: "ஏம்ப்பா, இவ்வளவு மண்ணு இருக்கே, எதுக்கு சிமென்ட் போடணும்?"

"அப்பா, இது கம்பெனி வீடு. நாளைக்கே பர்சிங்சர் போன்னா ராஜஸ்தானுக்குப் போகணும். இங்க மரம் வெச்சி யார் சாப்பிடப் போறது?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அது என் வசனம்.

ஒன்பது வீடு

வங்கி அதிகாரிக்கு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றல். ஒன்பது வாடகை வீட்டில் இருந்திருக்கிறோம். போன வீட்டிலெல்லாம் என் மனைவி ஒரு கறிவேப்பிலையோ முருங்கைப் போத்தோ ஊன்றுவாள். "நம்ம வீடா என்ன? தண்ணி ஊத்தி வளர்த்துட்டு எவனுக்கோ விட்டுட்டுப் போகவா?" என்று ஒவ்வொரு முறையும் நான் சொன்னேன். ஓய்வு பெற்றதும் சொந்த நிலம் வாங்கித்தான் இயற்கை விவசாயம் என்று முடிவு கட்டியிருந்தேன். வாங்கும்போது எனக்கு 60 வயது. இன்று என் கொல்லையில் நிற்கும் பலாக்களில் இன்னும் ஒன்று கூட ஒழுங்காகக் காய்ப்புக்கு வரவில்லை. 30 வயதில் வாடகை வீட்டுத் தோட்டத்தில் கற்றுக்கொண்டிருந்தால் 60 வயதில் இத்தனை தப்பு பண்ணியிருக்க மாட்டேன்.

மனைவி அன்று ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அந்த மூணாவது வீட்டு முருங்கை இன்னும் நிக்குது. பஸ்ஸில போறப்பல்லாம் எட்டிப் பார்ப்பேன்."

மரத்தைப் பார்க்க வந்தவர்கள்

இரண்டு நாள் கழித்து ஒரு வயதான தம்பதி கேட்டுக்கு வெளியே நின்றார்கள். "இந்த வீட்ல இருபது வருஷம் இருந்தோம் சார். ரிட்டையர் ஆகி இப்ப வடக்குத்துல இருக்கோம். இந்தப் பக்கம் வந்தா மரத்தைப் பார்த்துட்டுப் போவோம்" என்றார் அவர். மாமரம் அவர்கள் வைத்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததை நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. முந்திரியும் பலாவும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. (இரண்டு வருடம் கழித்து அதே தேதியில்தான் நம்மாழ்வார் ஐயா நம்மை விட்டுப் போனார்.) நகரியத்திலும் எண்ணற்ற மரங்கள் விழுந்தன. இந்த மாமரத்தில் ஒரு பெரிய கிளை பிளந்து தொங்கியதாம். அந்த அம்மா அதை அறுக்கச் சொல்லி, வெட்டுவாயில் சாணியும் செம்மண்ணும் குழைத்து அப்பி, கோணி சுற்றிக் கட்டினாராம். அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டினார். மருமகள் அவர்களுக்குக் கடைசியாக இருந்த நான்கு பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

அன்று ராத்திரி மகன் எஸ்டிமேட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். மறுநாள் காலையில் மண்வெட்டி எங்கே என்று கேட்டான்.

இந்த மண் கை மாறிய கதை

புதர் வெட்டும்போது மகனுக்கு இந்த ஊர்க் கதையைச் சொன்னேன். இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே பாதி தெரிவதில்லை. 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் பாசனத்துக்குக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நிறுவனம் தொடங்கியது. 1957 மே 20 அன்று நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின் உற்பத்தி ஆரம்பித்தது. உழுத நிலமும் குடியிருந்த ஊரும் சுரங்கமாயின. இங்கே நிலக்கரிப் படுகைக்குக் கீழே தண்ணீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்தால்தான் வெட்ட முடியும். நிலம் எடுப்பது இன்னும் ஓயவில்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெற்பயிரில் எந்திரம் இறங்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

"அப்படின்னா இந்த வீடு நிக்கிற இடமும் யாரோ ஒருத்தரோட கொல்லைதானே மாமா?" என்றாள் மருமகள். ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு சிமென்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு

கட்டடத்தில் கை வைக்கும் முன் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம். சுவருக்குச் சுண்ணாம்புதான் என்று முடிவானது. பழைய டிஸ்டெம்பர் மேல் சுண்ணாம்பு பிடிக்காது. முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அதற்கே மூன்று நாள் ஆனது. இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, அதில் கல் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டோம். சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறிக்கும். கொதிக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஒரு வாரம் ஊறியபின் துணியில் வடிகட்டி, பால் பதத்துக்குக் கரைத்து, கைப்பிடி கல்லுப்பும் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் சேர்த்தோம். சுவரை நனைத்துவிட்டு, ஒரு நாள் இடைவெளியில் மெல்லிசாக மூன்று பூச்சு. அடிப்பக்கம் காவிப் பட்டை. பெயிண்ட் வாடை இல்லாத வீட்டில் முதல் ராத்திரியே படுத்தார்கள்.

ஜன்னலுக்கு என் மனைவியின் பழைய நூல் சேலைகள். வராண்டாவுக்கு நம் மாவட்டக் கடற்கரையில் விளையும் வெட்டிவேரில் தட்டி. விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் ஜாடி இரண்டு. அதோடு வீட்டு அலங்காரம் முடிந்தது.

பின்கட்டுத் தோட்டம்

செங்கல் உடைசலையும் பிளாஸ்டிக்கையும் பொறுக்கி எடுத்தால், ஒரு அடிக்குக் கீழே அருமையான செம்மண். உடனே காய்கறி போட மகனுக்கு ஆசை. நான் தடுத்தேன். முதலில் பலதானிய விதைப்பு. கம்பு, எள், கொள்ளு, தட்டைப்பயறு, தக்கைப்பூண்டு என்று கையில் இருந்ததையெல்லாம் கலந்து தூவினோம். பூ எடுக்கும் நேரத்தில், ஐம்பதாவது நாள் வாக்கில், மடக்கி மண்ணில் கொத்திவிட்டோம்.

நகரியத்தில் மரத்துக்குக் குறைவில்லை. தெருவில் கூட்டிக் குவித்த சருகை மகன் கோணியில் அள்ளி வருவான். கம்பி வலையை வட்டமாக வளைத்து, சருகு ஒரு அடுக்கு, சமையற்கட்டுக் கழிவு ஒரு அடுக்கு, மேலே சாணக் கரைசல். மூன்று மாதத்தில் கறுப்பாக, மண்வாசனையோடு உரம் வந்தது. நிலக்கரியும் கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் புதைந்த மரம் செடிதான். அதிலிருந்து ஹியூமிக் அமிலம் பிரித்து உரமாக விற்கிறார்கள். அதே ஹியூமிக் சத்து மக்கிய சருகில் காசில்லாமல் கிடைக்கிறது.

என்னால் ஒரு தப்பும் நடந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு ஒரு குழி வெட்டி, மணலும் செங்கல் துண்டும் நிரப்பி, சுற்றி நான்கு வாழை வைத்தேன். பத்தே நாளில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கி, நாற்றமும் கொசுவும். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். அதுவே போதும். பிறகு குழிக்கு முன்னால் ஓட்டை போட்ட ஒரு வாளியில் தேங்காய் நார் அடைத்து வைத்தோம். நாரை வாரம் ஒரு முறை எடுத்து உரக்குழியில் போட்டுப் புது நார் வைக்க வேண்டும். குழிக்குள் கல்வாழை. பாத்திரத்துக்கு சோப்பை விட்டுவிட்டு விறகுச் சாம்பல், பூந்திக்கொட்டை. இப்போது தண்ணீர் நிற்பதில்லை. ஒன்று கவனியுங்கள்: சாம்பல் என்றால் விறகுச் சாம்பல் மட்டும். நிலக்கரிச் சாம்பலில் கன உலோகங்கள் இருக்கும். அது பாத்திரத்துக்கும் ஆகாது, காய்கறிப் பாத்திக்கும் ஆகாது.

சின்னத் தோட்டத்துக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் தேவையில்லை. 20 லிட்டர் தண்ணீருக்கு நாட்டு மாட்டுச் சாணம் 1 கிலோ, கோமியம் 1 லிட்டர், வெல்லம் 200 கிராம், பயறு மாவு 200 கிராம், ஒரு பிடி வரப்பு மண். நிழலில் வைத்து, காலை மாலை கலக்கிவிட்டு, 48 மணி நேரம் கழித்து ஊற்றலாம். முளைக்கீரை 25 நாளில் வந்தது. வெண்டை 45 நாளில் காய்த்தது.

பலாக்கன்று

பலா வைக்கச் சொன்னது என் மனைவி. "ஒட்டுக்கன்று வாங்கலாம், சீக்கிரம் காய்க்கும்" என்றேன். "சீக்கிரம் யாருக்கு வேணும்? விதை போடுங்க" என்றாள். பலா விதையை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார முடியாது. காய்ந்தால் முளைக்காது. பழத்திலிருந்து எடுத்த வாரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஆணிவேர் பிடுங்கி நட்டால் பொறுக்காது. அதனால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதைப்பது நல்லது. சுவரிலிருந்து இருபது அடி தள்ளி, வேலியோரம் குழி எடுத்து, மக்கு உரம் போட்டு, ஆடி மாதம் மூன்று விதை ஊன்றினோம். இரண்டு முளைத்தன. திடமானதை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டோம். காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும்.

விதையை ஊன்றியவன் என் மகன். "அதுக்குள்ள நான் எங்க இருப்பேனோ" என்று சொல்லிக்கொண்டேதான் ஊன்றினான்.

இப்போது கன்று முழங்கால் உயரம். மாற்றல் பட்டியல் வரப்போகிறது என்று அவன் அலுவலகத்தில் பேச்சு அடிபடுகிறது. பெயர் இருக்குமா, தெரியாது. போன வாரம் போயிருந்தபோது சமையற்கட்டு அலமாரியில் ஒரு நோட்டு இருந்தது. மருமகளின் கையெழுத்து. மாமரம் வைத்தவர்கள் யார், தழும்பு எப்படி வந்தது, நாரை எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பலா எந்த மாதம் விதைத்தது, கோடையில் எத்தனை குடம் ஊற்ற வேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

"என்னம்மா, வீட்டுக் கணக்கா?" என்றேன்.

"அடுத்து குடி வர்றவங்களுக்கு மாமா. அவங்க சிமென்ட் போட்டுடக் கூடாது பாருங்க."