காதிரைச்சலும் கால் தடுமாற்றமும்

முல்லைத்தீவு மாவட்டக் கிராமமொன்றில் வீடு வீடாகச் சென்றபோது ஓர் அக்காவைச் சந்தித்தேன். 2009 இல் அருகில் ஷெல் விழுந்து வெடித்த நாள் தொடக்கம் அவருக்கு வலது காதில் இரைச்சல்.

“தங்கச்சி, சில்வண்டு கத்துற மாதிரி ஒரே சத்தம். அது பழகிப் போச்சு. ஆனா முகத்துக்குச் சவுக்காரம் போட்டுக் கண்ணை மூடினா, கிணத்துக்கட்டோட சரியிறன். ஆக்களிட்டச் சொன்னா, யோசிச்சு யோசிச்சு மண்டை பிழைச்சுப் போச்சு எண்டுறாங்கள்” என்றார்.

அக்காவுக்கு மண்டை பிழைக்கவில்லை. உட்காதில் கேட்கும் உறுப்பை ஒட்டியே உடலின் சமநிலையைக் காக்கும் உறுப்பும் இருக்கிறது. வெடியதிர்ச்சி இரண்டையுமே தாக்கக்கூடும். காதிரைச்சல் உள்ள எல்லோருக்கும் சமநிலை கெடுவதில்லை. ஆனால் இரைச்சலோடு தலைச்சுற்றோ தடுமாற்றமோ இருந்தால், கேட்டல் சோதனையுடன் நின்றுவிடாமல் சமநிலையையும் சோதிக்க வேண்டும்.

இதற்கு ஊசியோ கத்தியோ இல்லை. பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்துக் கண்களை மூடச் சொல்வார்கள். கண்ணின் உதவி இல்லாதபோது உடல் சாய்கிறதா என்று பார்ப்பதற்கே இது. கிணற்றடியில் அக்காவுக்கு நடப்பதும் இதுதான். பாத நரம்புகள் பழுதானாலும் சாயலாம் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

அடுத்து, கட்டிலில் இருத்தித் தலையை ஒருபக்கம் திருப்பி, விரைவாகப் படுக்கவைத்துக் கண்களின் அசைவைக் கவனிப்பார்கள். உட்காதின் நுண்துகள்கள் இடம்மாறியதே காரணமென்றால், தலையை முறைப்படி திருப்பும் சிகிச்சையே பெரும்பாலும் போதும்.

இன்னொன்று, காதுக்குள் 30 பாகை, 44 பாகைச் செல்சியஸ் தண்ணீரை மாறிமாறி விட்டு, எந்தக் காது பலவீனமென்று அறிவது. சற்று நேரம் தலை சுற்றும், பிறகு அடங்கும். இச்சோதனைக்கு அடித்தளமிட்ட வைத்தியர் ரொபேர்ட் பாரனி, 1914 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுச் செய்தியை அறிந்தபோது ரஷ்யரின் போர்க்கைதியாக இருந்தார். செவிப்பறை கிழிந்திருந்தால் தண்ணீர் விடக்கூடாது. ஆகவே வெடியில் அகப்பட்டதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சகோதரிகளே, வைத்தியரிடம் “காது இரையுது” என்பதோடு நிறுத்தாதீர்கள். எப்போது தடுமாறுகிறது, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் என்பதையும் சொல்லுங்கள். காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். வீட்டில் தனியாக நின்று இவற்றைச் செய்து பார்க்க வேண்டாம்.

அக்காவுக்கும் துண்டு எடுத்துவிட்டோம். அதுவரை கிணற்றுக்கட்டை விட்டுத் தள்ளி, கதிரை போட்டு இருந்துதான் முகம் கழுவுகிறார்.