கால்பந்தும் கன்டோன்மென்ட் தமிழர்களும்

அல்சூர்ப் பக்கம் தமிழர்கள் நிறைந்து வாழும் பகுதிகளில் கௌதமபுரமும் ஒன்று. அங்கே புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளுடன் பிரேசில் நாட்டு ஆட்டக்காரர் பெலேக்கும் ஒரு சிலை இருக்கிறது. உலகக் கோப்பை வந்துவிட்டால் சந்துகளில் மஞ்சளும் பச்சையுமாகக் கொடி பறக்கும். ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் குடியிருக்கும் நம் சங்க அன்பர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பெங்களூர் என்றால் கிரிக்கெட், சின்னசாமி ஸ்டேடியம் என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். இந்த ஊர்க் கால்பந்தில் நம்மவர் பங்கு பெரிது என்பதால் சில விஷயங்களை எழுதத் தோன்றியது.

1809-இல் ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தபோது சிப்பாய்களாகவும் கூலிகளாகவும் சமையற்காரர்களாகவும் வியாபாரிகளாகவும் தமிழர் வந்து குடியேறினர். மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையகம் இன்றும் அல்சூர் ஏரிக்கரையில்தான். பட்டாளத்தார் ஆடிய ஆட்டத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்த பிள்ளைகள், பிறகு தாங்களே வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை, காலுறை, வெள்ளை உடுப்பு எல்லாம் வேண்டும். இதற்கு ஒரு பந்து போதும். ஆஸ்டின் டவுனிலும் மர்பி டவுனிலும் இது வேரூன்றியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1937, 1938 இரண்டு ஆண்டுகளிலும் பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையைப் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி வென்றது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று நாம் தோற்றோம். நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அன்று காலணி இல்லாமல் ஆடினார்கள். கிடைத்த இரண்டு பெனால்டிகளையும் வீணாக்கிய அந்த ஆட்டத்தில், இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் பெங்களூரின் சாரங்கபாணி ராமன். அகமது கான், தன்ராஜ் ஆகியோரும் இவ்வூரிலிருந்து அந்த அணிக்குச் சென்றவர்களே. 1956 மெல்போர்னில் இந்தியா நான்காம் இடம் பெற்றபோது கெம்பையா இருந்தார். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம் இருந்தார். சந்தோஷ் கோப்பையை மைசூர் அணி நான்கு முறை வென்றது. கடைசி இரண்டு, 1967-68-லும் 1968-69-லும்.

சரி, பந்து சோறு போடுமா? அந்தச் சந்துகளில் ஒவ்வொரு தாயும் கேட்ட கேள்வி இது. பெங்களூரில் நெடுங்காலம் "போடும்" என்று பதில் சொல்ல முடிந்தது. ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எம்.எல். போன்ற அரசுத் தொழிற்சாலைகள் நல்ல ஆட்டக்காரனுக்கு நிரந்தர வேலை கொடுத்தன. காலையில் ஷாப் ஃப்ளோர், மாலையில் பயிற்சி. ஆட்டம் நின்ற பிறகும் சம்பளம் நிற்காது, குவார்ட்டர்ஸ் உண்டு, ஓய்வூதியப் பலன்கள் உண்டு. ரயில்வேயிலும் அப்படியே. என் செக்‌ஷனில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கலாசியாக வந்த ஒரு பையன் இருந்தான். போட்டிக் காலத்தில் அவனை அனுப்பிவிட்டு ஆள் பற்றாக்குறையோடு திண்டாடுவோம், ஆனால் மறுநாள் பேப்பரில் ஸ்கோரை முதலில் தேடுவதும் நாங்களே! ரயில்வேக்குச் சந்தோஷ் கோப்பையில் தனி அணி உண்டு. 1960-களில் மூன்று முறை வென்றிருக்கிறது.

போட்டி அமைப்பும் இதற்கு ஏற்றதாகவே இருந்தது. மாநிலச் சங்கத்தின் கீழ் மாவட்டச் சங்கம், அதன் கீழே சி, பி, ஏ டிவிஷன்கள், உச்சியில் சூப்பர் டிவிஷன். தெருக் கழகத்தில் ஆடும் பையன் மேலே ஏறி, தொழிற்சாலை அணியின் கண்ணில் பட்டால் குடும்பம் நிமிர்ந்துவிடும். ஆஸ்டின் டவுனின் கார்ல்டன் சாப்மன் வேறு வழியில் போனார். டாடா அகாடமியில் பயின்று, கல்கத்தாவில் ஈஸ்ட் பெங்காலுக்கும் பஞ்சாபில் ஜே.சி.டி.க்கும் ஆடி, இந்திய அணிக்கே தலைவரானார். 2020-இல் 49 வயதிலேயே காலமானார்.

தாராளமயத்துக்குப் பின் அரசுத் தொழிற்சாலைகளில் ஆளெடுப்பு சுருங்கியது. ஹெச்.ஏ.எல். அணி 2010-11, 2011-12 ஐ-லீக்கில் ஆடியதோடு அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்தது எனலாம்.

2013-இல் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் பருவத்திலேயே ஐ-லீக் பட்டம், 2016-இல் ஏ.எஃப்.சி. கோப்பை இறுதியாட்டம், 2018-19-இல் ஐ.எஸ்.எல். பட்டம். கண்டீரவா ஸ்டேடியத்தின் மேற்குப் பகுதியில் நீலச் சட்டையணிந்த இளைஞர்கள் தொண்ணூறு நிமிடமும் நின்றுகொண்டே பாடுகிறார்கள். பார்க்க மகிழ்ச்சிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அணியில் இடம் இருபத்தைந்து முப்பது பேருக்கு. அதுவும் ஒப்பந்தம் உள்ளவரை. முழங்கால் போனால் என்ன என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை. பழைய ஏற்பாட்டில் இருந்தது.

ஆட்டம் மட்டும் சாகவில்லை. 2023 மார்ச் 4 அன்று சவூதியின் ரியாத் நகரில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுகளுக்குப் பின் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தது. நாட்டுக்கு வெளியே அதன் இறுதியாட்டம் நடந்தது அதுவே முதல் முறை.

கண்டீரவாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் அன்பர்கள் ஒருநாள் அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்துக்கும் போய்ப் பாருங்கள். லீக் ஆட்டம் நடக்கும் நாளில் கேலரியில் இடத்துக்குப் பஞ்சமே இராது. பக்கத்தில் உட்கார்ந்து ரெஃபரியைத் திட்டும் பெரியவர் பெரும்பாலும் தமிழில்தான் திட்டுவார்.