பூவரசம்பூவும் வாலிபர் சங்கமும்

அரசியற் கட்சி முதலிற் பிறப்பதும், பின்னர் அது தனக்கென ஒரு வாலிபர் பிரிவை அமைத்துக்கொள்வதுமே பெரும்பாலும் வழக்கு. இலங்கையின் இடதுசாரி இயக்கத்திலோ இம்முறை மாறி நிகழ்ந்தது. ஈண்டு வாலிபர் சங்கமே தாய். கட்சி அதன் சேய். அது நிகழ்ந்தவாற்றைச் சுருங்கக் கூறுவாம்.

முதலாம் உலகப்போர் 1918ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் நாள் ஓய்ந்தது. அந்நாளின் ஞாபகமாக ஆண்டுதோறும் பொப்பி மலர்கள் விற்கப்பட்டன. பள்ளிப் பிள்ளைகளும் அவற்றை வாங்க வேண்டியவராயினர். ஆயினும், திரண்ட பொருளிற் பெரும்பகுதி பிரித்தானியப் போர்வீரர்க்கே சென்றது. இவ்வநீதியைப் பொறாத ஏலியன் பெரேரா என்பார், உள்ளூர் வீரர்க்கு உதவும்பொருட்டு 1931இல் அதே நாளிற் சூரியமலர் விற்கத் தொடங்கினார். சிங்கள மக்கள் 'சூரிய' என வழங்கும் அம்மரம் நம் வேலிகளில் நிற்கும் பூவரசே.

1933இல் தென்கொழும்பு வாலிபர் சங்கத்தார் அம்முயற்சியைக் கையேற்றனர். அவர் கையில் அது தருமத்தோடு நில்லாது ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் இயக்கமாயிற்று. டொரீன் யங் என்னும் ஆங்கில மாது, மலர்களின் போர் எனப் பொருள்படும் தலைப்பிற் பத்திரிகைக் கட்டுரை எழுதித் தம் நாட்டவரின் பழிப்புக்கு ஆளாயினார். வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் அவ்வாண்டிற் செய்த வேலைநிறுத்தத்திலும் சங்கத்தார் ஈடுபட்டனர்.

எனினும், மலர் விற்றலும் மேடையேறிப் பேசுதலும் கற்ற வாலிபர்க்கு அரியன அல்ல. அவர்களை மெய்யாகப் பரீட்சித்தது 1934–35இற் பரவிய மலேரியாச் சுரமே. மழை பொய்த்தமையால் ஆறுகள் வற்றிக் குட்டைகளாய்த் தேங்கின. அவற்றில் நுளம்புகள் பல்கின. அந்நோய்க்குப் பழகாத ஈரவலயத்துக் குடிகளும், முன்னரே பசியால் மெலிந்திருந்தோரும் எதிர்த்து நிற்கும் ஆற்றலின்றி வீழ்ந்தனர். மடிந்தோர் ஏறத்தாழ 80,000 பேர். சூரியமலர்த் தொண்டர்கள் கேகாலைப் பகுதிக் கிராமங்களுட் புகுந்து மருந்தும் உணவும் வழங்கினர். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கா அவர்களுள் ஒருவர். லண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்று மீண்ட என். எம். பெரேராவோ, வீடுதோறும் பருப்பளித்தமையால் 'பருப்பு மாத்தையா' எனப் பெயர் பெற்றார்.

இவ்வாறு ஒன்றுகூடியோர் 1935 டிசம்பர் 18ஆம் நாள் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். கொல்வின் ஆர். டி சில்வா அதன் முதற் றலைவர். பூரண சுதந்திரமும் சமதர்மமும் அதன் நோக்கங்கள். 1936இல் நடந்த அரசாங்க சபைத் தேர்தலில் பிலிப் குணவர்த்தனா அவிசாவளையிலும், பெரேரா ருவான்வெல்லையிலும் வெற்றி பெற்றனர். குடிகள் பருப்பை மறந்திலர் போலும்!

ஆனால், அவ்வொற்றுமை நீடிக்கவில்லை. ருசிய தேசத்து ஸ்டாலினைப் பற்றிய கருத்து வேற்றுமையால் 1940இற் கட்சி பிளவுற்றது. பிரிந்து சென்றோர் விக்கிரமசிங்காவின் தலைமையில் 1943இல் இலங்கைக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தனர். ஒரே கிராமத்து நோயாளர்க்கு ஒருங்கே ஊழியஞ் செய்த கைகள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன.

யாழ்ப்பாணத்திலும் ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் 1924இல் மாணவர் காங்கிரசை நிறுவினர். பின் வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய அச்சபை 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்து நாடறியப் பெற்றது. எனினும் அது கட்சியாக முதிரவில்லை.

இச்சரித்திரத்தினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது யாது? சித்தாந்தம் அவ்வாலிபரைப் பிரித்தது. தொண்டு அவரைச் சேர்த்தது. எக்கொள்கையை மேற்கொள்ள விழைவோரும் முதலில் நோயாளியின் வாயிலை மிதித்தல் வேண்டும். ஆண்டுக் கற்கும் பாடம் நூல்களுள் எளிதிற் கிட்டுவதன்று.