மிச்சத் துணியின் கணக்கு

பருத்தி விளையும் சீமையில் துணிக்குக் குறை இருக்கலாகாது என்று நினைப்பது இயல்பு. பெரம்பலூர் வட்டாரத்துக் கரிசல் காடுகளில் மானாவாரிப் பருத்தி வெடித்து நிற்பதை நாம் காண்கிறோம். வேப்பந்தட்டையில் பருத்திக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டு. அரியலூர் மாவட்டத்தில் ஜெயங்கொண்டத்தைச் சுற்றியுள்ள இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் தறிச் சத்தம் கேட்கிறது. ஆயினும், விளைவித்தவர் வீட்டிலும் நெய்தவர் வீட்டிலும் மார்கழிப் பனிக்குப் போர்த்திக்கொள்ள இன்று அகப்படுவது, கடையில் வாங்கிய செயற்கை இழைப் போர்வையே. பழம்புடவைகளை அடுக்கித் தைத்த விரிப்பு, பாட்டிமார் இருக்கும் வீடுகளில் மட்டும் பரண்மேல் கிடக்கிறது.

அவ்விரிப்பைத் தைப்பவர்கள் முற்றிலும் இல்லாமற் போய்விடவில்லை. அவர்களுள் சிலரை நான் ஒரு சங்கத்தில் கண்டேன். கண்டதோடு நில்லாமல், அவர்கள் வேலைக்கு ஓராண்டு இடையூறும் செய்தேன். அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றிச் சீருடை வழங்கும் திட்டம் 1985-இல் தொடங்கியது என்பதும், 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு இணை வழங்கப்படுகின்றன என்பதும் வாசகர்கள் அறிந்தவையே. கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தரும் துணியை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்கள் வெட்டித் தைக்கின்றன. வெட்டும்போது கழுத்து வளைவிலும் கையோரத்திலும் துண்டுகள் விழும். ஒன்று சாண் அகலம் இருக்கும், ஒன்று இரண்டு விரல் அகலம் இருக்கும். நான் ஆய்வுக்குச் சென்றிருந்த ஒரு சங்கத்தில் இத்துண்டுகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. “மிச்சத் துணி விற்று வரவு வைக்கப்படவில்லை” என்று குறிப்பெழுதினேன். விதிப்படி அக்குறிப்பு சரியானதே.

அடுத்த ஆண்டு சென்றபோது வரவு இருந்தது. பழைய துணி வியாபாரி எடைக்கு எடுத்துச் சென்று கொடுத்த தொகை, சங்கத்தின் தேநீர்ச் செலவுக்கும் போதாது. நான் பதிவேட்டில் கையெழுத்திட்டு எழுந்தபோது வயதான அங்கத்தினர் ஒருவர், “அந்தத் துண்டுத் துணியிலதான் சார் எம் பேரப்புள்ளைக்கு விரிப்புத் தச்சேன். அடுத்த பேரனுக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணிட்டீங்களே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மறுமொழி தோன்றவில்லை.

அதன் பின்னரே அவர்கள் அத்துண்டுகளைக் கொண்டு என்ன செய்தார்கள் என்று விசாரித்தேன். பழைய பருத்திப் புடவை ஒன்றை நான்காய் மடித்து அடியில் இடுவது, அதன்மேல் துண்டுகளை ஓரம் மடித்து அடுக்குவது, எல்லாவற்றையும் ஊடுருவுமாறு ஊசியை ஏற்றியிறக்கி ஓட்டுத் தையல் போடுவது, முறை இவ்வளவே. இயந்திரம் வேண்டியதில்லை. தையல் ஒரு விரற்கடை இடைவெளிக்குள் இருந்தால், துவைக்கும்போது உள்ளே இருக்கும் மடிப்பு உருண்டு ஒதுங்காது. நெசவாளர் வீடுகளில் பாவு முடியும்போது மிஞ்சும் இழைகளை இத்தையலுக்கு வைத்துக்கொள்ளலாம். வங்காளத்தில் ‘காந்தா’ தைக்கும் மாதர் பழம்புடவைக் கரையிலிருந்தே நூலை உருவிக்கொள்வது வழக்கமாக இருந்தது.

இதில் தவறு நேரும் இடம் ஒன்று உண்டு. சீருடைத் துணி பெரும்பாலும் கலப்பிழையால் ஆனது, வீட்டுப் புடவையோ பருத்தி. புதுப் பருத்தி நனைந்தால் சுருங்கும், செயற்கை இழை சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதற்சலவையிலேயே விரிப்பு சுருக்கம் விழுந்து கோணிக்கொள்ளும். எது எதுவென்று ஐயம் வந்தால் ஓர் இழையை உருவித் தீயில் காட்டுக. பருத்தி, காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும். செயற்கை இழை உருகி மணிபோல் உறைந்துவிடும். புதுத்துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து, கஞ்சி போகக் கசக்கி, வெயிலில் காய்த்த பிறகே வெட்ட வேண்டும்.

கைக்குழந்தைக்குப் பலமுறை துவைத்த பருத்தியே ஏற்றது. மெத்தென்றிருக்கும், வியர்வையை வாங்கும். கிழிந்த வேட்டியில் கிழியாத பாகம் எப்போதும் இருக்கும். அதை இரண்டாய் மடித்து, மடிப்பில் கழுத்துக்கு வளைவு வெட்டி, முன்புறம் நெடுகத் திறந்து, இரு பக்கமும் கைக்கு வழிவிட்டுத் தைத்து நாடா வைத்தால் ஜப்லா ஆயிற்று. தையல் மடிப்பு வெளிப்புறம் இருக்கட்டும், பிள்ளையின் தோலில் உறுத்தாது. பொத்தான் வேண்டாம். தலையணை உறையும் உள்பாவாடையும் இதனினும் எளியவை. அவற்றை விவரிக்கப் புகுந்தால் நம் சகோதரிகள் நகைப்பார்கள்.

இவ்வேலையைச் சங்கமாகக் கூடிச் செய்தவர்கள் நம் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறார்கள். கருநாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்து எல்லாபுரம், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி இன மக்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். அவ்வினப் பெண்கள் ‘கவந்தி’ என்னும் ஒட்டுப் போர்வையை ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்கிறார்கள். முன்கூட்டி வரைந்த கோலம் கிடையாது, கைக்கு வந்த துண்டு அடுத்த இடத்தில் அமர்கிறது. நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துண்டைப் ‘பூ’வாக வைக்காவிட்டால் போர்வை அம்மணமாயிருக்கிறது என்பார்களாம். அவர்கள் 2004-இல் ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர்.

இன்னும் நீண்ட அனுபவம் உடையவர்கள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து வில்காக்ஸ் மாவட்டத்துக் கறுப்பினப் பெண்கள். அவர்களும் நம்மைப்போல் பருத்திக்காட்டில் உழைத்த குடும்பத்தினர். குளிருக்கு அஞ்சி, கிழிந்த வேலையாடைகளைப் போர்வையாகத் தைத்தவர்கள். 1966-இல் ‘ஃபிரீடம் குவில்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1968-இல் 23 ஏக்கர் நிலம் வாங்கினார்கள். வாக்காளராகப் பதிந்துகொண்ட குற்றத்திற்காக நிலக்கிழார்களால் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சில, அந்நிலத்தில் மனை பெற்றன. இது சாதாரணக் காரியமன்று. ஆனால், பெரிய கடைகள் ஒரே அளவு, ஒரே மாதிரி, ஒரே தையல் கேட்டன. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. கூலி நிலைத்தது, அவரவர் மனம்போல் துண்டு சேர்க்கும் வேலை ஒதுங்கிற்று. அக்கூட்டுறவு 2012-இல் முடிவுற்றது. அந்த வட்டாரமாகிய ஜீஸ் பெண்டில் வீட்டு உபயோகத்துக்கென்று தைத்த பழைய போர்வைகளோ 2002-இல் ஹூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் சுவரேறின. 2006-இல் அமெரிக்க அஞ்சல் தலையிலும் இடம்பெற்றன.

ஒப்பந்தம் வாங்கியது பிழை என்று நான் சொல்லமாட்டேன். மாதக் கூலி வேண்டாமென்று சொல்ல எந்த அங்கத்தினருக்கும் இயலாது. நம் சங்கங்கள் சீருடைத் தையலால்தான் நிற்கின்றன. எனினும் சந்தைக்குத் தைப்பதும் வீட்டுக்குத் தைப்பதும் வெவ்வேறு. ஒன்றின் கணக்கை மற்றதன்மேல் ஏற்றினேன் என்பதே என் பிழை. மிச்சத் துணி சங்கத்தின் சொத்து என்பதில் ஐயமில்லை. அச்சொத்தை என்ன செய்வதென்று தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் பொதுப்பேரவைக்கே உரியது. பேரவை கூடி, அங்கத்தினர்க்கே பகிர்வதென்று முடிவு செய்தால், விற்றுத்தான் ஆகவேண்டும் என்று ஆய்வாளன் வற்புறுத்துவானேன்?

அச்சங்கத்தாரிடம் இதைச் சொன்னேன். அடுத்த பேரவையில் தீர்மானம் நிறைவேறிற்று. சாண் அகலத்துக்கு மேற்பட்ட துண்டுகள் பைக்கும் பட்டைக்கும் சங்கத்திலேயே இருக்கும். மற்றவை மூட்டையாகக் கட்டப்பட்டு, எடை பதியப்பட்டு, முறைவைத்து அங்கத்தினர்க்கு வழங்கப்படும். பெறுபவர் கையொப்பமிட வேண்டும். தைத்ததை விற்க விரும்புவோர் சங்கத்தின் வழியே விற்கலாம். தைத்த நாட்களுக்குக் கூலி கணக்கிட்ட பிறகே விலை வைக்க வேண்டும். இக்கடைசி விதியைப் பற்றி நெடுநேரம் வாதம் நடந்தது. வீட்டில் உட்கார்ந்து தைப்பதற்குக் கூலியா என்று கேட்டவர்களும் பெண்களே.

சென்ற ஆய்வின்போது அப்பதிவேட்டில் ஒரு மூட்டைக்கு எதிரே கையொப்பம் இல்லை. காரணம் கேட்டேன். எட்டாம் மாதம் நடக்கும் அங்கத்தினர் ஒருவருக்காக, பருத்தித் துண்டுகளாகப் பொறுக்கி எடுத்து வைத்திருப்பதாகக் காரியதரிசி கூறினார். அவர் வந்து பெற்றுக்கொண்டதும் கையொப்பம் வாங்குமாறு குறித்துவிட்டு வந்தேன்.