புதுவை ஆலைகளும் எட்டு மணி நேரமும்

ஒரகடத்துத் தொழிற்சாலையில் பணி முடித்து, கம்பெனிப் பேருந்தில் வீடு திரும்பும் பிள்ளைகள் உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். எட்டு மணி நேர வேலை என்பதை நாம் இயல்பாகக் கருதுகின்றோம். அதற்காக உயிர் கொடுத்தவர்கள் நம் தமிழ் மண்ணிலேயே இருந்தார்கள் என்பதை அறிவீர்களா?

1936 ஜூனில் பிரான்சில் லெயோன் ப்ளூம் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. அந்நாட்டுத் தொழிலாளர் வாரத்துக்கு 40 மணி நேர வேலையும், சம்பளத்துடன் இரு வார விடுமுறையும் பெற்றனர். அதே கொடி பறந்த புதுச்சேரியில் நிலை என்ன? அங்கும் ஆலைத் தொழிலாளர் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினர். ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் மாண்டனர். பாரிஸில் உரிமை, புதுவையில் குண்டு! குடியேற்ற ஆட்சியின் நீதி அவ்வளவுதான்.

ஆயினும் வ. சுப்பையா முதலானோர் தளரவில்லை. 1937 ஏப்ரல் 6இல் பிறந்த ஆணை சங்கம் அமைக்கும் உரிமையை வழங்கியது. எட்டு மணி நேர வேலைக்கும் வழி திறந்தது.

பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு இடமளிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு வலுத்தபின், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார்.