கிணற்று நீர் சாட்சி சொன்ன வழக்கு

குடிபாலாவில் பஸ் ஏறி வேலூர் போகிறவர்களுக்குப் பாலாறு புதிதல்ல. பாலத்தின் மேல் போகும்போது கண்ணில் படுவது பெரும்பாலும் மணல்தான். அந்த மணலுக்கு அடியில் உள்ள ஊற்றுநீருக்காக நடந்த வழக்கு, இன்று இந்தியா முழுவதற்கும் சட்டமாக நிற்கிறது.

நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, சித்தூர் மாவட்டத்தில் குப்பம் பக்கம் ஓடி வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூருக்கு வருகிறது. நம் சித்தூர் பக்கத்துப் பொன்னை ஆறும் அதில்தான் கலக்கிறது. ஆற்றோரத் தோல் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டன. அவற்றின் கழிவுநீரோ நிலத்தில் இறங்கியது.

அளந்து பார்த்தார்கள்

"கிணறு உப்புக் கரிக்கிறது, பயிர் கருகுகிறது" என்று விவசாயிகள் சொன்னது வாய்ச்சொல்லாகவே இருந்தது. ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த ஆலைகள் புதிதாக வரக்கூடாது என்று 1989-ல் தமிழக அரசு உத்தரவு போட்டது. ஏற்கனவே இருந்த ஆலைகளின் கழிவு நிற்கவில்லை. 1991-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

அங்கே பேசியது கணக்கு. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழாகிவிட்டதாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்திருந்தது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் பார்த்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

யார் நிரூபிப்பது?

1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பளித்தது. மீளமுடியாத கேடு வரும் என்றால், விஞ்ஞான முடிவு முழுதாக வரவில்லை என்று சொல்லி அரசு கைகட்டி இருக்கக்கூடாது. கேடு இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் ஆலை வைத்திருப்பவரே. கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும். இவையே தீர்ப்பின் சாரம்.

இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம், 29,193 பேருக்குச் சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2001-ல் கூறியது. ஆனாலும் ஆறு தேறவில்லை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மீண்டும் தலையிட்டது. பாக்கி இழப்பீட்டை அரசே முதலில் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டது. அளவு சரியாக இருந்தும் நடவடிக்கைக்கு இத்தனை காலம் பிடித்ததே வேதனை.

நமக்கு என்ன?

குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாதபோது 2,000 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நம் ஊர் போர்வெல் தண்ணீரை ஆண்டுக்கொரு முறை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்து, தேதியோடு சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துவது பெரிய செலவல்ல. நாளை ஏதாவது ஆலை வந்து தண்ணீர் கெட்டால், முன்பு எப்படி இருந்தது என்று சொல்ல அந்தச் சீட்டுதான் சாட்சி.